இரண்டாவது இசைத்தட்டு

எந்தக் கலையிலும் முதற் படைப்பைக் காட்டிலும் இரண்டாம் படைப்பே கடினமானது என்பர். காரணம் எளிது. முதல் நூலை எழுதுகிறவனுக்கு, அதுவரை வாழ்ந்த வாழ்நாள் முழுவதும் கைம்முதலாக இருக்கிறது. இளமையில் கண்டதும் கேட்டதும், நொந்ததும் மகிழ்ந்ததும் அதில் வந்து இறங்கிவிடுகின்றன. இரண்டாம் நூலுக்கோ ஓரிரண்டு ஆண்டுகளே கிடைக்கின்றன. அவற்றிலும் பாதி, முதல் நூலுக்கு வந்த பாராட்டுரைகளைக் கேட்பதிலேயே கழிந்துவிடும். மேலும், முதல் முறை அவனை எதிர்பார்த்து யாரும் காத்திருக்கவில்லை. இரண்டாம் முறை எல்லோரும் காத்திருக்கின்றனர். மேனாட்டு மெல்லிசைப் பாடகர்களிடையே இந்த அச்சம் மிகுதி. முதல் இசைத்தட்டில் ஊரெங்கும் பேசப்பட்டு, இரண்டாவதில் இருந்த இடம் தெரியாமற்போனவர் பலர். அப்படிப் போகாத ஒருவரைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். அவர் அடெல் என்னும் ஆங்கிலப் பெண்மணி. 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய இரண்டாவது இசைத்தொகுப்பின் பெயர் 'இருபத்தொன்று'.

தமிழ் நேயர்களுக்கு, அதிலும் மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு, இந்தப் பேச்சு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மாதுங்காவின் சண்முகானந்த சபைக்குச் சென்று கச்சேரி கேட்கும் பெற்றோரும், அதே வீட்டில் செவிக்குழாயை மாட்டிக்கொண்டு ஆங்கிலப் பாட்டுக் கேட்கும் மக்களும் ஒரு கூரையின்கீழ் வாழ்கின்றனர். பிள்ளைகள் அப்படி என்னதான் கேட்கிறார்கள், அதில் நின்று கேட்கத்தக்கது ஏதேனும் உண்டா என்னும் ஐயம் பெற்றோருக்கு எழுவது இயல்பே. வெறும் இரைச்சல் என்று ஒதுக்குவது எளிது. இசையறிந்தவர்கள் செய்யவேண்டுவது அதுவன்று. ஆராய்ந்து பார்த்து, கொள்வதைக் கொண்டு, தள்ளுவதைத் தள்ளுவதே முறை. அவ்வாறு ஆராய்வதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாக இந்தத் தொகுப்பைக் கொள்ளலாம்.

முதலில் தொகுப்பு என்றால் என்ன என்பதைச் சற்றே விளக்கவேண்டும். கிராமபோன் காலத்தில், நிமிடத்திற்கு 78 முறை சுழலும் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நான்கு நிமிடப் பாட்டே அடங்கும். நீண்ட இசையைப் பல தட்டுகளாகப் பதிந்து, படங்களை ஒட்டிவைக்கும் ஏடுபோன்ற அட்டைப் புத்தகத்தில் செருகி விற்றனர். அந்த ஏட்டுக்குரிய ஆல்பம் என்னும் பெயர்தான் பின்னர் இசைத்தொகுப்பிற்கே ஆகிவந்தது. 1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா கம்பெனியார் நீண்டு ஒலிக்கும் தட்டை வெளியிட்டனர். அதன் ஒரு பக்கமே இருபது நிமிடத்திற்கு மேல் பாடும். பல பாட்டுகளை ஒரு கருத்துப்பட வரிசைப்படுத்தும் கலை அதன் பிறகு செழித்தது. 1982-இல் குறுந்தகடு வந்தது. 2003-இல் ஆப்பிள் கம்பெனி இணையத்தில் ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியே விற்கத் தொடங்கியது. முழுத் தொகுப்பை வாங்குவோர் குறைந்தனர். மாலையாகக் கட்டிய மலர்களை உதிரிப் பூவாக எடுத்துச் செல்வது வழக்கமாயிற்று. தொகுப்பின் காலம் முடிந்துவிட்டது என்று வணிகர்களே பேசிக்கொண்டிருந்த அத்தகைய நாளில்தான் 'இருபத்தொன்று' வெளிவந்தது.

அடெல் 1988 மே 5-இல் இலண்டன் மாநகரின் வடபகுதியாகிய டாட்டன்ஹாமில் பிறந்தவர். தாய் ஒருவரே வளர்த்தார். செல்வமோ இசைக்குடிப் பெருமையோ அவருக்குப் பின்புலமாக அமையவில்லை. தென்இலண்டனில் வாழ்ந்தபோது, க்ராய்டன் பகுதியில் உள்ள பிரிட் கலைப் பள்ளியில் சேர்ந்தார். இசையும் நாடகமும் கற்பிக்கும் அப்பள்ளியில் கட்டணம் இல்லை. 2006-இல் படிப்பு முடிந்தது. நண்பர் ஒருவர் அவருடைய பாட்டுகள் சிலவற்றை இணையத்தில் இட, அவற்றைக் கேட்ட எக்ஸ்.எல். என்னும் சிறிய இலண்டன் இசைத்தட்டு நிறுவனம் அவரைத் தேடி வந்தது. 2008 ஜனவரியில் முதல் தொகுப்பு வெளிவந்தது. அதற்கு அவர் இட்ட பெயர் 'பத்தொன்பது'. அந்தப் பாட்டுகளை எழுதிய காலத்தில் தமக்கு இருந்த வயதையே பெயராக வைத்துவிட்டார். பின்னர் வந்த தொகுப்புகளுக்கும் அவ்வாறே வயதுதான் பெயர்.

முதல் தொகுப்பு இங்கிலாந்தில் முதலிடம் பெற்றது. அமெரிக்காவில் அவருக்கு வழி திறந்ததில் ஊழின் கையும் இருந்தது. 2008 அக்டோபர் 18-இல் அந்நாட்டின் புகழ்பெற்ற நகைச்சுவைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் பாட அவர் அழைக்கப்பட்டிருந்தார். துணை ஜனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்ட சாரா பேலின் அம்மையாரும் அதே இரவு அந்நிகழ்ச்சியில் தோன்றினார். அரசியல்வாதியைப் பார்க்க வந்த பெருங்கூட்டம் இந்த இளம்பெண்ணின் பாட்டையும் கேட்டது. விற்பனை உடனே ஏறியது. 2009 பிப்ரவரியில் கிராமி விருதுகள் இரண்டு அவரை அடைந்தன. அவற்றுள் ஒன்று சிறந்த புதிய கலைஞருக்கு உரியது. அப்போது அவருக்கு இருபது வயது. 'அடுத்தது என்ன?' என்னும் கேள்வி அதற்குள்ளாகவே எழுந்துவிட்டது.

விடை எளிதில் வரவில்லை. 2009-ஆம் ஆண்டின் ஏப்ரல் மாதத்தில் புதிய பாட்டுகளுக்கான வேலையைத் தொடங்கினார். இரண்டு வாரங்களில் ஒரே ஒரு பாட்டுத்தான் தேறியது. மனநிறைவின்றி வேலையை நிறுத்திவிட்டார். ஆனால் வேறொரு வகையில் அவருக்குக் கல்வி நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் ஊர் ஊராகப் பேருந்தில் சென்று பாடியபோது, அந்நாட்டுத் தென்பகுதியின் நாட்டுப்புற இசை அவர் செவியில் விழுந்தது. அதன் தாயகம்போல் விளங்கும் நாஷ்வில் நகரத்தைச் சேர்ந்த பேருந்து ஓட்டுநர் ஒருவரே அதற்கு வழிகாட்டியானார். கதையை நேராகச் சொல்வதும், சொல் தெளிவாக விழுவதும், துயரத்தைச் சுற்றிவளைக்காமல் கூறுவதும் அந்த இசையின் இயல்புகள். இலண்டனில் வளர்ந்த பெண்ணுக்கு அவை புதியன. ஊர்விட்டு ஊர் சென்றவர்களுக்கு இது வியப்பாக இராது. பிறந்த இடத்தில் கிடைக்காத செல்வம் ஒன்று, போன இடத்தில் வழித்துணையாகக் கிடைப்பது உண்டு. அதை ஏற்றுக்கொள்ளும் மனம் வேண்டும், அவ்வளவே.

பின்னர், அவர் அன்பு வைத்திருந்த ஒருவரோடு இருந்த உறவு முறிந்தது. அந்தத் துயரமே இரண்டாம் தொகுப்பின் பொருளாயிற்று. முறிவு நேர்ந்த சூட்டிலேயே பால் எப்வொர்த் என்னும் இசையமைப்பாளரிடம் சென்றார். சோகமான மென்பாட்டு ஒன்றை எழுதவே விரும்பினார். எப்வொர்த்தோ சீற்றமுள்ள பாட்டே வேண்டும் என்றார். அவ்வாறு பிறந்ததுதான் 'ரோலிங் இன் த டீப்'. பறைபோன்ற தாளம் அடியில் முழங்க, ஏமாற்றப்பட்டவளின் சினம் மேலே எழுந்து வருகிறது. முதலில் மாதிரிக்காகப் பாடிப் பதிந்த குரலையே இறுதித் தட்டிலும் வைத்துக்கொண்டனர். மறுபடி பாடினால் சுருதி இன்னும் திருத்தமாக அமையலாம். அந்த நேரத்துச் சினம் அமையாது அன்றோ?

இப்பாட்டு முதலாவதாக நின்றால், பதினொன்றாவதாக, இறுதியில் நிற்பது 'சம்ஒன் லைக் யூ'. டான் வில்சன் என்பவரோடு சேர்ந்து எழுதியது. இதில் பக்கவாத்தியங்களின் கூட்டம் இல்லை. ஒரு பியானோ, ஒரு குரல், அவ்வளவே. பிரிந்து சென்றவன் வேறொருத்தியோடு வாழ்கிறான் என்பதை அறிந்த பெண்ணொருத்தி, சினம் தணிந்து, அவனை வாழ்த்த முயல்கிறாள். முயல்கிறாள் என்றுதான் கூறவேண்டும். முழுதும் இயலவில்லை என்பதைக் குரல் காட்டிவிடுகிறது. நம் அகப்பொருள் இலக்கணம், தலைவன் தலைவியரின் பெயரைச் சுட்டிக் கூறுதல் ஆகாது என்று விதித்தது. இன்னார்க்கு நேர்ந்தது என்று பெயர் சொல்லிவிட்டால் அது ஊர்ச் செய்தியாகிவிடும். பெயர் இல்லாதபோது கேட்பவர் ஒவ்வொருவருக்கும் உரியதாகிவிடும். இந்த ஆங்கிலப் பெண் தொல்காப்பியம் கற்றவர் அல்லர். எனினும் இத்தொகுப்பின் பாட்டுகளில் அந்த மனிதனின் பெயர் எங்குமே இல்லை. இதன் வெற்றிக்குரிய காரணங்களுள் இதனையும் ஒன்றாகக் கருதுகிறேன்.

தொகுப்பை உருவாக்கியதில் கவனிக்கத்தக்க மற்றொன்று உண்டு. ரிக் ரூபின் என்னும் பெயர்பெற்ற தயாரிப்பாளரிடம், கலிபோர்னியாவின் மாலிபு கடற்கரைக்குச் சென்று, தேர்ந்த வாத்தியக்காரர்களோடு பல பாட்டுகளைப் பதிந்தார் அடெல். பெரிய பெயர், பெரிய செலவு. ஆயினும் திரும்பி வந்து கேட்டபோது, அவற்றுள் சிலவற்றைவிட முன்பு எளிமையாகப் பதிந்த மாதிரிகளே உயிருள்ளனவாகத் தோன்றின. இறுதித் தொகுப்பில் ரூபின் பதிந்தவை நான்கே இடம்பெற்றன. மிக இளம் வயதினரான ஒருவர், உலகம் மதிக்கும் பெரியவர் செய்ததைக் கேட்டு, இது வேண்டும், இது வேண்டாம் என்று தேர்ந்தெடுப்பதற்குத் துணிவு வேண்டும். ஆரவாரத்தைச் சேர்ப்பதைவிட அதைக் களைவதற்கே அதிகத் துணிவு தேவைப்படுகிறது.

பாட்டுகளின் வரிசையையும் பாருங்கள். சினத்தில் தொடங்கி, ஏக்கத்திலும் தன்னையே நொந்துகொள்வதிலும் தோய்ந்து, ஒருவகை அமைதியில் முடிகிறது. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் வகுத்தளித்த கச்சேரி முறையை அறிந்த நமக்கு, வரிசையின் அருமையை எடுத்துக்கூறத் தேவையில்லை. வர்ணத்தை இறுதியிலும் மங்களத்தை முதலிலும் பாடினால் ஒவ்வொன்றும் நல்ல உருப்படியாகவே இருக்கலாம், கச்சேரியாகாது. அடெலுக்கு இந்த உணர்வு வலுவாக உண்டு. 2021 நவம்பரில் அவருடைய நான்காம் தொகுப்பு வெளிவந்தபோது, இணையத்தில் பாட்டு வழங்கும் ஸ்பாட்டிஃபை நிறுவனம், தொகுப்புகளின் பாட்டுகளை முன்பின்னாகக் கலைத்து ஒலிக்கும் முறையை முதன்மையாக வைத்திருந்தது. அவர் வேண்டிக்கொள்ள, வரிசை மாறாமல் ஒலிக்குமாறு அந்நிறுவனம் அதை மாற்றியமைத்தது.

2011 ஜனவரி 24-இல் 'இருபத்தொன்று' இங்கிலாந்தில் வெளியாயிற்று. அடுத்த மாதம் அமெரிக்காவில் வந்தது. இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் தொடக்கத்திலேயே தொடர்ந்து 11 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. இடைவிட்டு வந்தவற்றையும் சேர்த்தால் 23 வாரங்கள். அமெரிக்காவில் 24 வாரங்கள். அமெரிக்காவில் 2011-இல் 58 இலட்சத்திற்கு மேலும், 2012-இல் 44 இலட்சத்திற்கு மேலும் விற்று, இரண்டு ஆண்டுகளிலும் மிகுதியாக விற்ற தொகுப்பு என்னும் பெயரைப் பெற்றது. உலகளவில் விற்றவை மூன்று கோடிக்கு மேல். முழுத் தொகுப்பை இனி யார் வாங்குவார் என்று கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் கிடைத்த கணக்கு இது என்பதை மறத்தலாகாது.

இதில் ஓர் இரவுக்குத் தனி இடம் உண்டு. 2011 பிப்ரவரி 15-இல் இலண்டனில் பிரிட் விருது விழா நடந்தது. மேடையெங்கும் ஒளியும் ஆட்டமும் நிறைந்த விழா. அதன் நடுவில் அடெல் தனியே நின்று, ஒரு பியானோவின் துணையோடு அந்த இறுதிப் பாட்டைப் பாடினார். பாடி முடிக்கும்போது அவர் கண் கலங்கிற்று. அப்பாட்டு விற்பனைப் பட்டியலில் 47-ஆம் இடத்திலிருந்து நேரே முதலிடத்திற்குத் தாவியது. முதல் தொகுப்பையும் மக்கள் மறுபடி தேடி வாங்கினர். அதனால் பாட்டுப் பட்டியலின் முதல் ஐந்து இடங்களுள் இரண்டும், தொகுப்புப் பட்டியலின் முதல் ஐந்து இடங்களுள் இரண்டும் ஒரே வாரத்தில் அவருக்குக் கிட்டின. உயிரோடிருக்கும் கலைஞருள் எவருக்கும் 1964-இல் பீட்டில்ஸ் குழுவினருக்குப் பின் அந்தப் பேறு வாய்த்ததில்லை.

ஏன் இத்தனை வரவேற்பு? அக்காலத்து மெல்லிசையில் இயந்திரத் தாளமும், கருவியால் திருத்திய குரலும், கண்ணைப் பறிக்கும் காட்சியும் மிகுந்திருந்தன. அவற்றுக்கு நடுவே, நின்ற இடத்தில் நின்று, வாயைத் திறந்து பாடிய மனிதக் குரல் தனித்துக் கேட்டது. இளைஞர்க்கு அதில் தம் கதை இருந்தது. நடுவயதினர்க்கு, தாம் இளமையில் கேட்ட நீக்ரோ ஆன்மிக இசையின் வழிவந்த ஸோல் பாட்டுகளின் சாயல் இருந்தது. தாயும் மகளும் சேர்ந்து கேட்கும் தட்டு என்பது வணிகருக்கு அரிதாகக் கிடைக்கும் பொருள்.

ஆனால் வெற்றி தன் விலையையும் கேட்டது. பாடகருக்குக் குரலே வாத்தியம். வீணையின் நரம்பு அறுந்தால் வேறு நரம்பு பூட்டலாம். தொண்டைக்கு மாற்று இல்லை. குரல்வளையில் இரண்டு சிறு மடிப்புகள் உள்ளன. ஒரு பெண் சாதாரணமாகப் பேசும்போதே அவை வினாடிக்கு ஏறத்தாழ 200 முறை அதிரும். மேல் ஸ்தாயியில் பாடும்போது அதனினும் பன்மடங்கு. ஓய்வின்றி வலிந்து பாடினால் அம்மடிப்பில் உள்ள மெல்லிய இரத்தக் குழாய் வெடித்துக் கசியும். நாளடைவில் அவ்விடத்தில் சதை வளர்வதும் உண்டு. 2011 ஜூனில் தொண்டை அழற்சியால் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தை அடெல் பாதியில் நிறுத்தினார். செப்டம்பரில் இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் பாடினார். அக்டோபரில் குரல் மடிப்பில் மீண்டும் இரத்தம் கசிந்தது. புகழின் உச்சியில், எல்லா நிகழ்ச்சிகளும் நிறுத்தப்பட்டன. நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் லேசர் கதிரைக்கொண்டு நுண்ணிய அறுவை செய்யப்பட்டது.

அந்த முடிவு எளிதானதன்று. 1997-இல் இத்தகைய அறுவைக்குப் பின்பு, உலகறிந்த பாடகி ஜூலி ஆண்ட்ரூஸ் தம் பாடும் குரலை இழந்தார். அதை அறியாத பாடகர் இல்லை. அறுவைக்குப் பின் பல வாரங்கள் பேசாமலே இருக்கவேண்டியிருந்தது. உலகின் பாதி அவருடைய பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்த மாதங்களில், பாடியவர் மௌனம் காத்துக்கொண்டிருந்தார்.

இங்கே மற்றொருவரை நினைக்காமல் இருக்க இயலாது. அதே பிரிட் பள்ளியில் சில காலம் பயின்றவர் ஏமி வைன்ஹவுஸ். அவருடைய இரண்டாவது தொகுப்பும் காதல் முறிவில் பிறந்ததே. 2006-இல் வெளிவந்து, 2008-இல் ஐந்து கிராமி விருதுகளை ஈட்டியது. அடெல் போன்றோருக்கு அமெரிக்காவில் பாதை அமைத்தவர் அவரே எனலாம். அடெலின் தொகுப்பு உலகெங்கும் ஒலித்துக்கொண்டிருந்த 2011 ஜூலை 23-இல், மதுவின் மிகுதியால், 27-ஆம் வயதில் அவர் இறந்தார். மூன்றாம் தொகுப்பைத் தம் கையால் முடிக்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. இருவரும் ஒரே நகரத்தார். இருவருக்கும் பெரும்புகழ் இரண்டாம் தொகுப்பில் வந்தது. இருவரையும் தராசில் இட்டு ஒருவரை உயர்த்துவதும் ஒருவரைத் தாழ்த்துவதும் நம் வேலையன்று. ஆனால் புகழ் உச்சத்தில் இருக்கும்போது 'போதும், நிறுத்துகிறேன்' என்று சொல்லி மருத்துவரிடம் செல்ல ஒருவரால் முடிந்தது என்பதும், சுற்றியிருந்தவர்கள் அதற்கு இடம் கொடுத்தனர் என்பதும் பெரிய செய்தி. துயரமே கலையை வளர்க்கும் என்று சொல்லித் துயரப்படுபவரைக் கைவிட்டுவிடும் உலகத்துக்கு இது ஒரு பாடம்.

2012 பிப்ரவரி 12-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கிராமி விழா. அறுவைக்குப் பின் அடெல் பலர்முன் பாடிய முதல் நிகழ்ச்சி அது. 'ரோலிங் இன் த டீப்' பாட்டையே பாடினார். குரல் குலையவில்லை. சபையோர் எழுந்து நின்று ஆரவாரித்தனர். ஆறு விருதுகளுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டிருந்தது. ஆறும் அவருக்கே கிடைத்தன. ஆண்டின் சிறந்த தொகுப்பு, சிறந்த ஒலிப்பதிவு, சிறந்த பாட்டு மூன்றும் அவற்றுள் அடங்கும். அதன் பிறகு அவர் விரைந்து அடுத்த தட்டை வெளியிடவில்லை. அவ்வாண்டு மகனுக்குத் தாயானார். மூன்றாம் தொகுப்பு 2015-இல்தான் வந்தது. குரலின் தொல்லையும் முற்றிலும் நீங்கிவிடவில்லை. 2017-இல் இலண்டன் வெம்பிளி அரங்கில் பாடவிருந்த இறுதி இரண்டு நிகழ்ச்சிகளைக் குரல் பழுதால் கைவிட நேர்ந்தது. மனித உடலில் குடியிருக்கும் கலைக்கு இந்த வரம்பு என்றும் உண்டு.

மெல்லிசையில் நீடித்து நிற்பது சிறிது. நாளையே மறக்கப்படுவது பெரிது. எந்த நாட்டிலும் இது உண்மை. நீடித்து நிற்பதைக் கண்டுகொள்வதற்கு நம்மிடம் பழைய அளவுகோல்களே போதும். சொல் தெளிவாக இருக்கிறதா? சொல்லின் பொருளைக் குரல் தாங்குகிறதா? வேண்டாத அலங்காரத்தைக் களைந்திருக்கிறார்களா? தன் நோவைப் பாடும்போது பிறர் நோவும் அதில் அடங்குகிறதா? இந்த நான்கையும் வைத்துப் பார்த்தால், 'இருபத்தொன்று' என்னும் தொகுப்பின் பதினொரு பாட்டுகளுள் பெரும்பாலானவை தேறும்.

ஆகவே, பம்பாய்க் காலத்திலிருந்து மும்பைக் காலம்வரை வெளிமாநிலத்தில் குடும்பம் வளர்த்த நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகளோ மகனோ இந்தப் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தால், ஒரு மாலைப் பொழுது உடன் அமர்ந்து, முதற் பாட்டிலிருந்து இறுதிப் பாட்டுவரை வரிசை மாறாமல் கேளுங்கள். நாற்பத்தெட்டு நிமிடங்களே ஆகும். கேட்ட பின்பு அவர்களிடம், எந்தப் பாட்டு பிடித்தது, ஏன் பிடித்தது என்று வினவுங்கள். சங்கராபரணத்தையும் கல்யாணியையும் பற்றிப் பேசுவதற்கு அந்த உரையாடலே நல்ல வாயிலாக அமைதல் கூடும்.